சதுப்பு நிலமும் சங்கிலிச் சக்கரமும்

ஓர் ஊரின் மண்ணை அறிய விரும்புவோர் முதலில் அவ்வூரின் பெயரை அறிதல் நன்று. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், பட்டர்வொர்த் நகரின் தென்பால், பிறை ஆற்றுக்கு வடக்கே அமைந்துள்ளது பாகான் டாலாம். மலாய் மொழியில் ‘பாகான்’ என்பது படகுகள் கரைசேரும் துறையைக் குறிக்கும். ‘டாலாம்’ என்பது உட்புறத்தைக் குறிக்கும். உள்துறை என்று தமிழில் கூறலாம். அதனைச் சூழ்ந்த வட்டாரத்தில் ‘பெர்மாத்தாங்’ என்று தொடங்கும் ஊர்கள் பல உள. தாழ்நிலங்களுக்கு இடையே நீண்டு உயர்ந்து கிடக்கும் மேட்டினைச் சுட்டும் சொல் அது. ‘பாயா’ என்பது சதுப்பைச் சுட்டும். மேடு எது, சேறு எது, துறை எது என்பதை ஊர்ப்பெயரிலேயே எழுதிவைத்தனர் முன்னோர். நிலத்தை ஐந்திணையாக வகுத்து வாழ்வைப் பாடிய தமிழருக்கு இவ்வழக்கம் புதுமையானதன்று.

இன்று பாகான் டாலாமைச் சுற்றிலும் துறைமுகமும் இரயில் நிலையமும் நெடுஞ்சாலைகளும் தொழிற்பேட்டைகளும் சூழ்ந்துள்ளன. இவற்றுள் ஒன்றேனும் மண்ணை வெட்டாமல், நிரப்பாமல், சமன் செய்யாமல் எழுந்ததில்லை. முதலில் மண்வெட்டியும் கூடையும் அப்பணியைச் செய்தன. பின்னர் புல்டோசர் எனும் மண்தள்ளு பொறி செய்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வரலாறு கருவிகள் மாறிய கதை மட்டுமாயின் அதைப் பொறியியலார் எழுதிவிடுவர். அக்கதையினூடே தமிழரின் உழைப்பும் உயிரும் கலந்துள்ளமையால், தமிழாசிரியரும் மாணவரும் அறிய வேண்டிய வரலாறாகவும் அது விளங்குகின்றது.

மண்வெட்டிக் காலம்

செபராங் பிறை 1800ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஆட்சிக்கு வந்தது. 1840களிலிருந்து அங்கு ஐரோப்பியர் கரும்புத் தோட்டங்களை அமைத்தனர். அத்தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். கரும்பு சதுப்பில் விளையாது. கடல்நீர் புகாவண்ணம் கரை எழுப்ப வேண்டும். மழைநீர் வடிய வாய்க்கால் வெட்ட வேண்டும். ஆகவே, கரும்பு நடுவதற்கு முன்பே மண் வெட்டுதல் தொடங்கிற்று. ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதற்குள் கரும்பு மறைந்து இரப்பர் வந்துவிட்டது. வெட்டிய வாய்க்கால்கள் மட்டும் நிலைத்தன.

இருப்புப்பாதை அடுத்து வந்தது. மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோ மீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். பிறையிலிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்குச் செல்லும் பாதை 1899ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 1903ஆம் ஆண்டுக்குள் பிறையிலிருந்து சிரம்பான் வரை இரயில் ஓடிற்று. இருப்புப்பாதையிலும் பொதுப்பணித் துறைச் சாலைகளிலும் மண்சுமந்தோருள் தென்னிந்தியத் தொழிலாளரே மிகப் பலராயிருந்தனர்.

அவர்களைக் கல்லாத கூலிகள் என்று கூறுவது அக்கால ஆவணங்களின் வழக்கம். மண்ணைப் பொறுத்தவரை அவர்கள் கற்றவர்களே. வண்டல், களி, சரளை, உவர், செம்மண் என ஒவ்வொன்றையும் கால் பதிந்ததும் அறிந்தனர். எந்த மண் நீர் பட்டால் கரையும், எது காய்ந்தால் வெடிக்கும், எதனை மிதித்து இறுக்கலாம் என்பதை ஏரிக்கரை கட்டிய ஊர்களிலிருந்து உடன்கொண்டு வந்தனர். குழி தோண்டும்போது நடுவே ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டு வைப்பது பழைய முறை. பழைய நிலமட்டம் எங்கிருந்தது என்பதற்கு அத்திட்டே சாட்சி. வேலை முடிந்ததும் அதன் உயரத்தை அளந்து, வெட்டிய மண்ணின் கன அளவைக் கணக்கிட்டுக் கூலி வழங்குவர். வெட்டி மேலே குவித்த மண்ணை அளந்தால் கணக்கு மிகும் என்பதை இருதரப்பினரும் அறிந்திருந்தனர்.

காவிரியின் மணலில் நிற்கும் கல்லணை இவ்வறிவின் பேருருவம் எனலாம். ஆழம் காணாத மணலில் பாறைகளை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் பாறைகளை இட்டு எழுப்பப்பட்டது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரியிலும் கோதாவரியிலும் அணைகள் கட்டிய ஆர்தர் காட்டன், தளர்ந்த மணலில் அடித்தளம் அமைக்கும் முறையைக் கல்லணையிடமிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டார்.

சேறு ஈன்ற பொறி

சங்கிலிச் சக்கர ஊர்தியும் ஒரு சதுப்பு நிலத்திலேதான் பிறந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் நகரை அடுத்த ஆற்றுக் கழிமுகம் வளமும் மென்மையும் மிக்க கருமண் நிலம். அங்கு நீராவி இழுவை வண்டிகளைக் கொண்டு உழ முயன்றபோது சக்கரங்கள் புதைந்தன. சக்கரத்தின் அகலத்தைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தனர். ஏறத்தாழ 14 மீட்டர் அகலமுள்ள வண்டியும் செய்யப்பட்டது. அதனைத் திருப்புவதும் செலுத்துவதும் பெருந்தொல்லையாயின. பெஞ்சமின் ஹோல்ட் என்பார் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகளைச் சங்கிலியில் கோத்து வண்டிக்குக் கால்களாகப் பூட்டினார். 1904ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் அவ்வண்டி சேற்றில் புதையாமல் ஊர்ந்தது. கம்பளிப்புழுவைப் போல் ஊர்ந்தமையால் ‘கேட்டர்பில்லர்’ எனும் பெயர் அதற்கு வாய்த்தது. ஹோல்ட் நிறுவனமும் அதன் போட்டி நிறுவனமாகிய பெஸ்டும் 1925ஆம் ஆண்டில் இணைந்து அப்பெயரையே நிறுவனப் பெயராகக் கொண்டன.

மண்ணைத் தள்ளும் முன்தகடு பின்னர்ச் சேர்ந்தது. கான்சாஸ் மாநிலத்தில் எண்ணெய்க் குழாய் புதைத்த அகழிகளை மூடுவதற்காக ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற உழவரும் ஏர்ல் மெக்லியோட் என்ற வரைவாளரும் 1923ஆம் ஆண்டில் இழுவை வண்டியின் முன்னே தகடு ஒன்றைப் பொருத்தினர். 1931இல் டீசல் எந்திரம் பூட்டிய ஊர்திகள் விற்பனைக்கு வந்தன. முன்தகட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் முதலில் கம்பிவடம் பயன்பட்டது. பின்னர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உருளைகள் அவ்விடத்தைப் பெற்றன. இன்றைய புல்டோசரின் உறுப்புகள் யாவும் இங்ஙனம் ஒவ்வொன்றாக வந்து பொருந்தியவை.

ஒரு காடும் இரு பாதைகளும்

மண் நகர்த்தும் பொறி இருப்பதற்கும் இல்லாமைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இரண்டாம் உலகப்போர் கொடுமையாகக் காட்டிற்று. 1942ஆம் ஆண்டின் இறுதியில் அசாமிலுள்ள லெடோவிலிருந்து பர்மாவுக்குள் அமெரிக்கப் பொறியியற் படையினர் சாலை அமைக்கத் தொடங்கினர். புல்டோசர்கள் முன்னே சென்று மலைச்சரிவுகளை வெட்டின. 1943 பிப்ரவரி 28ஆம் நாள் பாங்சாவ் கணவாய் வழியே சாலை பர்மிய எல்லையைக் கடந்தது. அமெரிக்கப் படையினர் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோரும், வட்டாரத் தொழிலாளர் முப்பத்தையாயிரம் பேரும் அதில் உழைத்தனர். அச்சாலையும் உயிர்ப்பலி கேளாமல் எழவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். தொழிலாளர் பலரும் மாண்டனர்.

அதே பர்மாவின் தென்கிழக்கே, அதே மழைக்காலத்தில், சப்பானியர் சயாம்–பர்மா இருப்புப்பாதையை அமைத்துக்கொண்டிருந்தனர். நீளம் 415 கிலோ மீட்டர். 1942இல் தொடங்கிய அப்பணி 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே மண்வெட்டியும் கூடையும் கடப்பாரையுமே கருவிகள். கோன்யூ எனுமிடத்தில் பாறையைச் சுத்தியலாலும் உளியாலும் வெட்டினர். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கன மீட்டர் மண் எனத் தொடங்கிய அளவு பின்னர் உயர்த்தப்பட்டது. போர்க்கைதிகள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வற்புறுத்தியும் அனுப்பப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் அதனினும் பன்மடங்கினர். அவர்களை எண்ணி வைக்கவும் எவருமிலர். ‘சயாம் மரண இரயில்’ என்று மலேசியத் தமிழர் இன்றும் கூறும் சொற்றொடரில் அக்கணக்கு அடங்கியுள்ளது.

பொறியில்லாமையே அச்சாவுகளுக்கு முழுக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. பசியும் வாந்திபேதியும் மலேரியாவும் இரக்கமற்ற மேலாண்மையும் அவர்களைக் கொன்றன. எனினும், பொறி செய்யவேண்டிய பணியை, காலக்கெடுவை மட்டும் கருதி மனித உடலின் மேல் ஏற்றியதே அக்கொடுமையின் அடித்தளம் என்பதில் ஐயமில்லை. சப்பானும் இப்பாடத்தைப் போரின் இடையிலேயே உணர்ந்தது. கைப்பற்றிய அமெரிக்கப் பொறிகளைக் கண்ட சப்பானியக் கடற்படை, வானூர்தித் தளங்களை விரைந்து அமைக்கும் பொருட்டு, 1943இல் கொமாட்சு நிறுவனத்தைக் கொண்டு தன் முதல் புல்டோசரைச் செய்வித்தது. தோட்டத்திலிருந்து சென்றவர்களுக்கு அதனால் விளைந்த பயன் ஏதுமில்லை.

பாகானுக்கு வந்த பொறி

போருக்குப் பின்னர்ப் பாகான் வட்டாரம் பெரும்பொறிகளை அண்மையில் கண்டது. பட்டர்வொர்த் வானூர்தித் தளம் 1941இல் பிரித்தானியரால் திறக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே சப்பானியர் வசமாயிற்று. செட் வகை வானூர்திகளின் எடையையும் வேகத்தையும் தாங்கும் ஓடுபாதை அதற்கு இல்லை. ஆகவே, ஆஸ்திரேலிய வான்படையின் இரண்டாவது வானூர்தித்தளக் கட்டுமானப் படைப்பிரிவு 1955 முதல் 1958 வரை அங்குத் தங்கித் தளத்தைப் புதுப்பித்தது. கடலோரச் சமவெளியில் நீண்ட, உறுதியான ஓடுபாதை அமைப்பதென்பது மண்பணியின் கடும் தேர்வாகும். மேற்பரப்பை மட்டும் சமன் செய்தால் போதாது. அடியிலுள்ள மென்மண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அறிந்து, தக்க மண்ணைக் கொணர்ந்து, படலம் படலமாக இட்டு இறுக்க வேண்டும்.

அதன்பின் நாடெங்கும் பொறிகள் முழங்கின. 1956இல் தோன்றிய பெல்டா நிலக் குடியேற்றங்களுக்காகக் காடுகள் திருத்தப்பட்டன. கெடாவில் 1966இல் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம், பெடு, மூடா அணைகளையும் அவற்றை இணைக்கும் 6.8 கிலோ மீட்டர்ச் சுரங்கத்தையும் அமைத்து, 1970இலிருந்து ஆண்டுக்கு இருபோக நெல் விளைய வழி செய்தது. கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் 1970இல் பணி தொடங்கிற்று. 1974இல் கம்யூனிஸ்டுப் போராளிகள் அங்கிருந்த மண்பணிப் பொறிகளை அழித்தனர்; ஆயினும் சாலை 1982இல் திறக்கப்பட்டது. சாலையைத் தடுக்க எண்ணியோர் பொறிகளைக் குறிவைத்தமையே அவற்றின் இன்றியமையாமைக்குச் சான்று.

செபராங் பிறையில் மக் மண்டின், பிறைத் தொழிற்பேட்டைகள் உருவாயின. மலாயவாத்தா இரும்பு ஆலை பிறையில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அதே 1967இல் பிறை ஆற்றின்மேல் சுழல்பாலமும் பட்டர்வொர்த் இரயில் நிலையமும் திறக்கப்பட்டன. 1969இல் அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகம் கழிநிலங்களை நிரப்பித் தொழில்நிலங்களாக்கியது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014இல் நிறைவுற்ற ஈப்போ–பாடாங் பெசார் இரட்டை இருப்புப்பாதை 329 கிலோ மீட்டர் நீண்டது. பழைய பாதைக்காகத் தமிழர் தோண்டிய மண்ணின் அருகே, இம்முறை பொறிகள் தோண்டின.

தேர்ந்தெடுக்கும் கலை

பெரிய பணிக்குப் பெரிய பொறி என்பது பொதுமக்கள் எண்ணம். பாகான் டாலாம் போன்ற கடலோர மண் அவ்வெண்ணத்தை எளிதில் பொய்ப்பிக்கும். மண்ணுக்குப் பொறியின் மொத்த எடை தெரியாது. தன்மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் எடையே அதற்குத் தெரியும். மாணவர் ஒரு கணக்கினை இட்டுப் பார்க்கலாம். 40 டன் எடையுள்ள கனரகப் புல்டோசரின் சங்கிலிப் பட்டை ஒவ்வொன்றும் 56 சென்டிமீட்டர் அகலமும், நிலத்தில் படியும் நீளம் 330 சென்டிமீட்டரும் எனக் கொள்வோம். இரு பட்டைகளின் பரப்பு 36,960 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.08 கிலோ. 20 டன் எடையுள்ள சதுப்புநில வகைப் பொறியின் பட்டை 90 சென்டிமீட்டர் அகலமும் 320 சென்டிமீட்டர் நீளமும் உடையதாயின், பரப்பு 57,600; அழுத்தம் 0.35 கிலோ மட்டுமே. நடந்து செல்லும் மனிதனின் ஒற்றைக் காலடி அழுத்தத்தை ஒத்த அளவு அது. எனவே, மனிதன் நடக்கும் சேற்றில் பின்னது ஊரும், முன்னது புதையும்.

மலைப்பாங்கான இடத்தில் நிலைமை தலைகீழாகும். அகன்ற பட்டை பாறையில் வளைந்து முறியும். குறுகிய பட்டையே அங்கு ஏற்றது. இறுகிய மண்ணையும் சிதைந்த பாறையையும் முதலில் கீறவேண்டும். அதற்கெனப் பொறியின் பின்னே ‘ரிப்பர்’ எனும் இரும்புக் கொழு பூட்டப்படும். ஏர் முன்னே செல்லப் பரம்பு பின்னே வரும் உழவர் முறையை நினைந்தால் இதன் பொருள் விளங்கும். கொழு ஊன்றி இழுக்கப் பொறிக்கு எடை வேண்டும். ஆதலின் மென்மண்ணில் குறையாகிய எடை, வன்மண்ணில் நிறையாகிறது.

முன்தகட்டிலும் வகைகள் உள. நேர்த்தகடு கடினமண்ணை வெட்ட வல்லது. இருபுறமும் உள்நோக்கி வளைந்த தகடு, தளர்ந்த மண்ணைச் சிந்தாமல் மிகுதியாகத் தள்ளும். சாய்த்து வைக்கத்தக்க தகடு மண்ணை ஒருபுறமாக ஒதுக்கும். மலைச்சாலையின் தொடக்க வெட்டுக்கு அதுவே துணை.

அடுத்து எண்ணவேண்டியது தொலைவு. முன்தகடு ஒருமுறைக்கு 10 கன மீட்டர் தளர்மண்ணைத் தள்ளும் என்றும், முன்செல்லும் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்றும் கொள்வோம். 50 மீட்டர் தள்ளிச்சென்று, சற்று விரைவாகப் பின்வாங்கி, மீண்டும் தொடங்க ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். மணிக்கு 50 நிமிட உழைப்பு எனக் கொண்டால் 350 கன மீட்டர் தள்ளலாம். தொலைவு 100 மீட்டர் ஆனால் அளவு 180க்கு இறங்கிவிடும். ஆகவே, புல்டோசர் தன் திறத்தைக் காட்டுவது நூறு மீட்டருக்கு உட்பட்ட தொலைவில்தான். அதற்கு அப்பால் மண்சுரண்டிப் பொறியும், இன்னும் தொலைவாயின் அள்ளும் பொறியும் லாரியும் வேண்டும்.

வெட்டிய மண் விரியும் என்பதையும் மறத்தலாகாது. களிமண் வெட்டியபின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை பெருகும். தள்ளிய 350 கன மீட்டர் தளர்மண், வெட்டுவதற்கு முன் நிலத்தில் ஏறத்தாழ 270 கன மீட்டராகவே இருந்திருக்கும். குழியின் நடுவே சாட்சித் திட்டு விட்ட பழைய தொழிலாளர் அறிந்திருந்த உண்மையே இது. மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மூன்று கன மீட்டர் மண் வெட்டிச் சுமக்கலாம் என்றால், பொறியின் ஒரு மணி நேரம் ஏறத்தாழ நூறு பேரின் ஒரு நாள் உழைப்பாகிறது.

விலையையும் குதிரைத்திறனையும் மட்டும் ஒப்பிட்டு வாங்குவோர் பின்னர் வருந்துவர். உதிரிப் பாகங்கள் உள்நாட்டில் கிடைக்குமா, பழுது பார்ப்போர் அருகில் உளரா, பணியிடத்திற்குப் பொறியைச் சுமந்து செல்லும் வண்டியைச் சாலையும் பாலமும் தாங்குமா என்பன முன்னரே ஆராயத்தக்கவை. ஒரு நாள் நின்றுபோன பொறி, அதனைச் சார்ந்த லாரிகளையும் உருளைகளையும் ஆட்களையும் உடன் நிறுத்திவிடும்.

இயக்கும் பொறுப்பு

நல்ல பொறி அமைந்தாலும் ஓட்டுநரே பணியின் உயிர். தேர்ந்த ஓட்டுநர் இயன்றவரை மேட்டிலிருந்து பள்ளம் நோக்கித் தள்ளுவார். புவியீர்ப்பு அவருக்கு உதவும். ஒரே தடத்தில் பலமுறை சென்று இருபுறமும் சிறு வரப்புகளை எழுப்பி, அவற்றிற்கு இடையே மண்ணைச் சிந்தாமல் கொண்டுசெல்வார். வாய்க்காலில் நீரைச் செலுத்தும் உழவனின் நுட்பம் இதில் உண்டு. நிரப்பும் இடத்தில் மண்ணைக் குவியலாகக் கொட்டிவிடாது, 20 முதல் 30 சென்டிமீட்டர் கனமுள்ள படலங்களாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் உருளையால் இறுக்கவிடுவார். மாலையில் பணி முடிக்கும் முன்னர் மேற்பரப்பைச் சற்றுச் சாய்வாக வழித்துவிடுவார். இரவில் பெய்யும் மழை தேங்காது வடிந்தால்தான் மறுநாட் காலையில் வேலை நடக்கும்.

சங்கிலிச் சக்கரத் தொகுதியே பராமரிப்புச் செலவில் பெரும்பங்கை விழுங்குவது. எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பினால் அப்பக்கம் விரைவில் தேயும். சங்கிலி மிக இறுகினாலும் தேயும். மிகத் தளர்ந்தாலும் கழலும். கடற்கரை மணல் அரம்போல் அராவும், உவர்நீர் துருவேற்றும். சங்கிலியில் ஒட்டிய சேற்றை நாள்தோறும் அகற்றுதல் வெறும் தூய்மைப் பணியன்று. இறுகிய சேறு சங்கிலியை முறுக்கேற்றி உருளைகளைச் சுழலவிடாது செய்யும். எண்ணெய், நீர், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் புறப்படும் முன் பார்த்தல், சரிவின் விளிம்பை விட்டு விலகி நிற்றல், நிறுத்தும்போது முன்தகட்டைத் தரையில் படிய இறக்குதல், பின்வாங்கும் முன் பின்புறம் ஆள் உண்டா என அறிதல் ஆகியன ஓட்டுநரின் அன்றாட ஒழுக்கம். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பணியிடப் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியுள்ளது.

மண்ணின் மறுமொழி

பொறியின் வலிமை வளர வளர, மனிதன் மண்ணைக் கேளாமலே காரியம் ஆற்றும் துணிவும் வளர்கிறது. இதற்கு எச்சரிக்கையாக அமைந்த ஆய்வு ஒன்று மலேசியாவிலேயே நடந்தது. நெடுஞ்சாலைகள் மென்களி நிலங்களைக் கடக்க வேண்டியிருந்தமையால், மலேசிய நெடுஞ்சாலை வாரியம் 1980களின் பிற்பகுதியில் மூவார்ச் சமவெளியில் சோதனைக் கரைகளை எழுப்பியது. அவற்றுள் ஒன்று, இடியும்வரை மண்ணை ஏற்றிப் பார்ப்பதற்கென்றே அமைந்தது. எந்த உயரத்தில் அது இடியும் என்பதைப் பல நாட்டு வல்லுநர் முன்கூட்டியே கணித்தனர். கணிப்புகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டன. கரை 5.4 மீட்டர் உயரத்தில் இடிந்தது. கணக்குத் தெரிந்தவர்க்கும் களிமண் எளிதில் பிடிபடுவதில்லை என்பதை உலகுக்கு உணர்த்திய சோதனை அது.

அச்சோதனையில் இடிந்தது மண் மட்டுமே. பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்காவில் 2017 அக்டோபர் 21ஆம் நாள் கட்டுமான இடமொன்றில் சரிவு இடிந்தபோது 11 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் புக்கிட் குக்குஸ் சாலைப் பணியிடத்தில் நேர்ந்த நிலச்சரிவில் 9 தொழிலாளர் உயிர் இழந்தனர். மாண்டோருள் பெரும்பாலோர் பிழைப்பு நாடி வேற்று நாடுகளிலிருந்து வந்தோர். நூறாண்டுகளுக்கு முன் தமிழர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். மண்பணியின் ஆபத்து எப்பொழுதும் மிக எளியவரையே முதலில் சென்றடைகிறது என்பதை இருப்புப்பாதைக் காலமும் இக்காலமும் ஒருங்கே காட்டுகின்றன.

இருக்கையில் அமர்வோர்

பொறியின் வருகையால் தமிழர் பெற்றதும் இழந்ததும் உண்டு. முதுகு ஒடிய மண்சுமக்கும் வேலை மறைந்தது பேறேயாகும். அதனை மீண்டும் விரும்புவோர் எவருமிலர். ஆனால், நூறு பேரின் வேலையை ஒரு பொறி செய்தபோது, அப்பொறியின் இருக்கை ஒன்றே. எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேர் எங்குச் சென்றனர் என்ற வினாவுக்கு வரலாறு விடை கூறியாக வேண்டும். சிலர் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் தங்கினர். பலர் தோட்டங்களுக்குள்ளேயே இருந்தனர். 1980களிலிருந்து தோட்டங்களும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது, லயன் வீடுகளின் முன்னே மீண்டும் அப்பொறியே வந்து நின்றது. மண்ணை முதலில் திருத்தியவரின் பேரப்பிள்ளைகள் அம்மண்ணை விட்டு நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். புல்டோசர் என்ற சொல் தோட்டத் தமிழரின் செவியில் வளர்ச்சியின் ஒலியாக மட்டும் ஒலியாமைக்குக் காரணம் இதுவே.

பொறியைப் பழித்துப் பயனில்லை. எங்கே, எதற்காக, எந்த மண்ணின் மேல் அதனை ஏவுவது என்று முடிவு செய்வோர் மனிதரே. அம்முடிவு எடுக்கப்படும் இடத்தில் மண்ணை அறிந்த ஒருவர் இருத்தல் வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலும், அளவையாளர் மேசையிலும், மண்ணாய்வுக் கூடத்திலும், திட்டத்தை வரையும் அலுவலகத்திலும் தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவர் அமர்வதற்குத் தடையாக நிற்பது, அறிவுக்குறைவு அன்று. அத்துறைகள் தமக்குரியவை என்ற எண்ணம் இளமையில் ஊட்டப்படாமையே பெருந்தடை. இன்று செயற்கைக்கோளின் துணைகொண்டு முன்தகட்டின் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் புல்டோசர்கள் வந்துவிட்டன. அவற்றை இயக்குவோர்க்கும் கணக்கும் மண்ணறிவும் இன்றியமையாதன.

தமிழாசிரியர் இதற்குச் செய்யக்கூடியது யாது? திணைப்பாகுபாட்டைக் கற்பிக்கும் வகுப்பிலேயே தம் பள்ளி நிற்கும் நிலம் எவ்வகைத்து என மாணவரைக் காணச் செய்யலாம். வண்டல், களி, உவர், சரளை என்ற சொற்களை அகராதியில் விட்டுவிடாது கையில் எடுத்துக் காட்டலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற எளிய வகுத்தற் கணக்கில், தம் முன்னோர் வெற்றுக்காலால் அறிந்த உண்மையை மாணவர் எண்ணாலும் அறிவர்.

பாகான் டாலாமின் வழியே இன்றும் இரயில்கள் ஓடுகின்றன. கொள்கலன் ஏற்றிய லாரிகள் செல்கின்றன. அவற்றின் அடியில் கிடக்கும் மண்ணில் எந்தக் கூடை மண் எவருடையது என்று பிரித்துக் காட்ட இயலாது. அங்கே மண் சுமந்தோரின் பெயர்ப்பட்டியல் எதுவும் கல்லில் பொறிக்கப்படவில்லை. இனி அங்கு வெட்டப்படும் மண்ணுக்கேனும், அதனைக் கணக்கிட்டவர், பொறியைத் தேர்ந்தவர், இயக்கியவர் ஆகியோரின் பெயர்கள் பதிவேடுகளில் இருக்கும். அப்பதிவேடுகளில் தமிழ்ப்பெயர்களும் இடம்பெறுதல், இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவரையும் அவர்முன் நிற்கும் ஆசிரியரையும் பொறுத்தது.